டக்டுக்குள் பஞ்சு ஒட்டியும் சத்தம் குறையவில்லை: காற்றின் திசைதான் காரணமா?

சிவதாபுரம் கலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே கொலுசுப் பட்டறை. அப்பா பட்டறையைப் பார்க்கிறார், ஆர்டரும் கணக்கும் நான். மெருகு போடுகிற ஆறு பஃப் மெஷின்களுக்குப் பின்னால் ஆறு ஹூட், எல்லாக் குழாயும் சேர்ந்து பை ஃபில்டருக்குப் போகும். தூசியில் வெள்ளி இருப்பதால் பையில் விழுவதை வீணாக்காமல் சேர்த்து உருக்கக் கொடுத்துவிடுவோம். ஃபில்டரைத் தாண்டி மொட்டை மாடியில் ப்ளோயர். அதிலிருந்து 300×300 மி.மீ. சதுர டக்ட், அதாவது காற்று வெளியே போகும் தகட்டுக் குழாய், 3 மீட்டர் நேராகப் போய், முனையில் கொசுவலை போன்ற கம்பி வலையும் மழைக்கு ஒரு தொப்பியும் வைத்து முடிகிறது.

ப்ளோயர் 5 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம்., சக்கரத்தில் 10 இறக்கை. தகட்டில் 3000 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 3000 கன அடி காற்று என்று போட்டிருக்கிறது.

டக்டின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. அங்கே பெரியம்மாவின் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் ராத்திரி பத்து மணி தாண்டியும் மெருகு ஓடும். அவர்கள் சண்டைக்கு வருகிறவர்கள் இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

டக்ட் செய்து கொடுத்தவரிடம் சொன்னேன். அதே டக்டின் உள்பக்கம் நான்கு சுவரிலும் 25 மி.மீ. பஞ்சு ஒட்டிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்பு பெரியம்மா வீட்டு ஜன்னலில் போன் ஆப் 68 டெசிபெல் காட்டியது. ஒட்டிய பிறகும் 68. இடம், நேரம், போன் எல்லாம் அதேதான். ஆனால் காதுக்குச் சத்தம் மாறியிருக்கிறது. முன்பு "உம்ம்" என்று இருந்தது, இப்போது அது கொஞ்சம் அடங்கி "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் வந்திருக்கிறது. கூடவே, ஹூட்டில் உறிஞ்சும் வேகம் குறைந்துவிட்டது என்று மெஷினில் உட்காருகிற அண்ணன்கள் சொல்கிறார்கள்.

டக்ட்காரரின் விளக்கம்: "காற்று போகிற திசையிலேயே சத்தமும் போகிறது. அதனால் பஞ்சுக்குள் இறங்க நேரமில்லாமல் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இன்னும் 3 மீட்டர் நீட்டி பஞ்சு ஒட்டினால் சரியாகிவிடும்." செலவு முக்கியம்தான், ஆனால் செலவழித்தும் குறையாவிட்டால் பெரியம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? காற்றின் திசை உண்மையிலேயே இவ்வளவு வித்தியாசம் செய்யுமா? நீட்டலாமா?

---

அம்மாப்பேட்டை தறி:

அக்கா, எங்கள் தறிக்கூடத்து ஆபீஸ் அறையில் முக்கோணம் முக்கோணமாக இருக்கும் கறுப்பு ஃபோம் ஒட்டினோம். போன் பேசுவதற்கு எவ்வளவோ பரவாயில்லை. அதையே டக்டுக்குள் ஒட்டிப் பாருங்கள். பஞ்சு மாதிரி அரிக்காது, விலையும் குறைவு.

---

பழைய டக்ட்காரன்:

தம்பி, ஆபீஸ் அறைக்கு அது சரி. பஃப் மெஷின் காற்று போகிற டக்டுக்குள் ஃபோம் வேண்டவே வேண்டாம். பஃபிலிருந்து உதிரும் துணி நூலும் மெருகு மெழுகும் எவ்வளவு நல்ல ஃபில்டராக இருந்தாலும் கொஞ்சம் தாண்டி வரும். ஒரு பொறி போதும். பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் வருகிற புகையில் சயனைடு வாயு இருக்கும், மேலே குடும்பம் குடியிருக்கிற வீடு இது. பாறைப் பஞ்சு, அதாவது ராக்வூல், எரியாது. சத்தம் குறைவதைவிட இது முதலில் முக்கியம்.

கலை அம்மா, பதில் எழுதுவதற்கு முன்பு சில விவரம் வேண்டும். ஒட்டிய பஞ்சின் முகத்தில் என்ன இருக்கிறது? பளபளவென்று அலுமினியத் தாளா, கறுப்புத் துணியா, துளை போட்ட தகடா? ஆசிட் தொட்டியின் புகையும் இதே டக்டில் சேருகிறதா? ப்ளோயருக்கும் டக்டுக்கும் நடுவில் கேன்வாஸ் இணைப்பு உண்டா? கடைசியாக ஒரு சோதனை: மழை இல்லாத ஒரு நாளில் முனையில் இருக்கும் தொப்பியையும் வலையையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஜன்னலில் என்ன காட்டுகிறது, "ஸ்ஸ்" என்னவாகிறது என்று சொல்லுங்கள்.

---

சிவதாபுரம் கலை:

பதிலுக்கு நன்றி ஐயா. முகத்தில் அலுமினியத் தாள்தான். ஆசிட் தொட்டிக்குத் தனிக் குழாய், இதில் சேராது. கேன்வாஸ் இருக்கிறது. தொப்பியையும் வலையையும் அப்பா கழற்றினார். "ஸ்ஸ்" நன்றாகவே குறைந்தது, போனில் 65 காட்டியது. "உம்" அப்படியே இருக்கிறது.

---

பழைய டக்ட்காரன்:

அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் அம்மா. அந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை வந்துவிட்டது.

நான் மில்களின் ஈரப்பதப் பிளாண்ட்டுகளுக்கும் அப்புறம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்களுக்கும் டக்ட் போட்டே காலத்தைக் கழித்தவன், இப்போது அழகாபுரத்தில் இருக்கிறேன். உங்கள் டக்ட்காரர் சொன்ன மாதிரியே பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அதன் அளவு என்ன என்றுதான் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்ப்போம்.

முதலில் திசை. சத்தம் காற்றோடு சேர்ந்து போனால் பஞ்சுச் சுவரைக் கடக்கிற நேரம் குறையும், எதிர்த்துப் போனால் கூடும். எவ்வளவு என்பதை முடிவு செய்வது காற்றின் வேகத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் உள்ள விகிதம், அதற்கு மாக் எண் என்று பெயர். 3000 சி.எஃப்.எம். என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 1.42 கன மீட்டர். உங்கள் டக்டின் உள்வழி இப்போது 250×250, அதாவது 0.0625 சதுர மீட்டர். காற்றின் வேகம் வினாடிக்கு 22.7 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 350 மீட்டர். மாக் எண் 0.065. காற்றோடு போகும் சத்தத்துக்குப் பஞ்சு செய்கிற வேலை 1/(1+0.065) மடங்கு, அதாவது 6 சதவீதம் குறையும். பஞ்சு 7 டெசிபெல் குறைக்க வேண்டிய இடத்தில் அரை டெசிபெல்கூட இழக்கவில்லை. யார் காதுக்கும் அது தெரியாது.

திசை என்பது பெரிய விஷயமாகிற இடம் ஒன்று உண்டு, அது விமான எஞ்சின். அதன் வாயில் காற்று ஒலியின் வேகத்தில் பாதிக்குப் பக்கத்தில் உள்ளே பாயும், விசிறியின் சத்தம் அதை எதிர்த்து முன்னால் வரும். அங்கே இதே கணக்கு இரண்டு மடங்கு வரை மாறும். அது மட்டுமில்லை. சுவரை ஒட்டிக் காற்று மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருப்பதால் சத்தம் வளையும். எதிர்த்து வரும் சத்தத்தை அது சுவரிலிருந்து விலக்கி நடுவுக்குத் தள்ளும், கூடப் போகும் சத்தத்தைச் சுவரை நோக்கித் திருப்பும். அதனால் உயர்ந்த சுருதிகளில் விடையே தலைகீழாகிவிடும். பஞ்சுச் சுவரை உரசிக்கொண்டு காற்று ஓடும்போது சமன்பாட்டை எப்படி எழுதுவது என்று ஒலியியல் ஆய்வாளர்களான இங்கார்டு 1959-இலும் மையர்ஸ் 1980-இலும் எழுதியதைத்தான் இன்றுவரை அந்தத் துறையில் ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும், ஆனால் உங்கள் மாடிக்கு இது தேவையில்லை. நம் டக்ட்களில் காற்றோட்டம் செய்கிற கெடுதல் வேறு வழியில் வருகிறது.

அந்த வழி இதுதான்: காற்று தானே சத்தம் போடும். வளைவு, வலை, தொப்பி, கூர்மையான விளிம்பு, எதில் மோதினாலும் போடும். வேகம் இரட்டித்தால் அந்தச் சத்தம் 15 முதல் 18 டெசிபெல் வரை கூடும். பஞ்சு ஒட்டுவதற்கு முன்பு உங்கள் டக்டில் காற்றின் வேகம் 15.7 மீட்டர். அதுவே கொஞ்சம் அதிகம். பஞ்சை உள்ளேயே ஒட்டியதால் ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. போய், வழியின் பரப்பு பழையதில் ஏறக்குறைய 70 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வேகம் 15.7-லிருந்து 22.7. இந்த ஒரு மாற்றத்துக்கே இரைச்சல் 8 முதல் 9.5 டெசிபெல் ஏறும். அது பிறக்கிற இடம் எது? முனையிலிருக்கும் வலையும் தொப்பியும். பஞ்சு முடிந்த பிறகு பிறக்கிற சத்தத்தைப் பஞ்சு எப்படிக் குறைக்கும்? இன்னும் 3 மீட்டர் நீட்டினாலும் முனையில் அதே வலை, அதே தொப்பி, அதே 22.7 மீட்டர்தான். "ஸ்ஸ்" கொஞ்சமும் மாறாது.

போனில் எண் ஏன் மாறவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. ஒரு உதாரணத்துக்கு, பஞ்சுக்கு முன்பு ஜன்னலில் "உம்" 68, "ஸ்ஸ்" 58 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 68.4. பஞ்சு ஒட்டியதும் "உம்" 62-க்கு இறங்குகிறது, "ஸ்ஸ்" 66.7-க்கு ஏறுகிறது. சேர்த்தால் 68. டெசிபெல்லை நேராகக் கூட்ட முடியாது, பெரியதுதான் எண்ணைத் தீர்மானிக்கும். ஆகவே பஞ்சு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அது குறைத்ததைக் காற்று திருப்பிக் கொடுத்துவிட்டது. உங்கள் காதுக்கு இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்டதை எழுதியிருந்தீர்களே, அது போன் ஆப்பை விட நல்ல அளவீடு.

ஹூட்டில் உறிஞ்சல் குறைந்ததும் இதே காரணம்தான். வேகத்துக்காகக் காற்று செலவழிக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 15.7 மீட்டரில் அது சுமார் 15 மி.மீ. நீர்மட்டம், 22.7 மீட்டரில் 31. ப்ளோயருக்கு அது எதிர்ச்சுமை, அதனால் இழுக்கும் காற்று குறைந்துவிடும். காற்று குறைந்திருந்தால் வேகமும் நான் போட்ட கணக்கை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், முடிவு மாறாது. மெஷினில் உட்காருகிறவர்கள் அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் குறைக்கப் போய் பட்டறைக்குள் தூசியைக் கூட்டக் கூடாது. இதைச் சீக்கிரம் சரிசெய்யுங்கள்.

அடுத்தது "உம்". 10 இறக்கை, 1440 சுற்று: 10 × 1440 ÷ 60 = 240 ஹெர்ட்ஸ். உங்கள் "உம்" இதுதான். அந்தச் சுருதியின் அலைநீளம் கிட்டத்தட்ட 1.46 மீட்டர், கால் பங்கு 36 செ.மீ. பஞ்சு நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் இந்தக் கால் அலையோடு ஒப்பிடும்படி இருக்க வேண்டும். 25 மி.மீ. அதில் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லை. 1940-இல் எச். ஜே. சபைன் கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒரு மீட்டருக்கு எத்தனை டெசிபெல் குறையும் என்பது, 1.05 × உறிஞ்சும் எண்ணின் (மேலே படும் சத்தத்தில் பஞ்சு வாங்கிக்கொள்ளும் பங்கு) 1.4-ஆம் அடுக்கு × வழியின் சுற்றளவு ÷ பரப்பு. உங்கள் 250 சதுர வழிக்குச் சுற்றளவு 1 மீட்டர், பரப்பு 0.0625, விகிதம் 16. 25 மி.மீ. பஞ்சின் உறிஞ்சும் எண் 240 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் 0.25 என்று எடுத்துக்கொண்டால் மீட்டருக்கு 2.4, மூன்று மீட்டருக்கு 7 டெசிபெல். அதே பஞ்சு 500 ஹெர்ட்ஸில் 0.6 என்றால் மீட்டருக்கு 8 தாண்டும். பஞ்சு எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

இந்தச் சூத்திரத்தை நான் இன்றும் முதல் கணக்குக்குப் பயன்படுத்துவேன், முழுசாக நம்ப மாட்டேன். உறிஞ்சும் எண் பெரிதாகும்போது அது அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கும். அலைநீளம் வழியின் அகலத்தை விடச் சிறிதாகிவிட்டால் சத்தம் சுவரைத் தொடாமல் நேராக நடுவிலேயே ஓடிவிடும், அங்கேயும் சூத்திரம் பொய்க்கும். 250 மி.மீ. வழிக்கு அந்த எல்லை 1400 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் நேர் டக்டை நீட்டிப் பெரிய பலன் இல்லை.

அப்புறம் அந்த அலுமினியத் தாள். அது ஏ.சி. டக்டுக்கு வெளியே, சூடு ஏறாமல் இருக்கச் சுற்றுகிற பஞ்சு. சத்தத்துக்கு உள்ளே ஒட்டும்போது முகத்தில் காற்று நுழைய வேண்டும். தாள் வாயை மூடிவிட்டது, அதனால் உயர்ந்த சுருதிகளைப் பஞ்சு வாங்காமல் திருப்பி அனுப்புகிறது.

என்ன செய்யலாம் என்றால், இருக்கிற டக்டை நீட்டாமல் மாற்றிவிடுங்கள். காற்றுவழி 400×400 இருக்கட்டும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் 100 மி.மீ. ராக்வூல், ஆக வெளிப்பெட்டி 600×600, நீளம் அதே 3 மீட்டர். பஞ்சின் முகத்தில் கண்ணாடி நூல் துணி, அதன்மேல் துளைத் தகடு. 3 மி.மீ. துளை, 5 மி.மீ. இடைவெளியில் மாற்றி மாற்றி வரிசை வைத்தால் திறப்பு 32 சதவீதம் வரும், அது போதும். துணி இல்லாமல் தகடு மட்டும் வைத்தால் காற்று பஞ்சை இழை இழையாகப் பிய்த்து வெளியே தள்ளிவிடும்.

காற்றின் வேகம் 22.7-லிருந்து 8.9-க்கு இறங்கும். இரைச்சலில் மட்டும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையும். "உம்"முக்கு 100 மி.மீ. பஞ்சின் உறிஞ்சும் எண் 0.8 என்றால் சூத்திரம் மீட்டருக்கு 7.7 என்று சொல்லும், மூன்று மீட்டருக்கு 23. நான் 15 என்றுதான் எழுதிக்கொடுப்பேன், ஏனென்றால் ப்ளோயரின் கூடும் டக்ட் தகடும் தாங்களே அதிர்ந்து கொஞ்சம் சத்தத்தைப் பக்கவாட்டில் கசியவிடும். ப்ளோயரிலிருந்து பெட்டிக்குப் போகும் இடத்தில் 300-லிருந்து 400-க்குத் திடீரென்று அகலமாக்கக் கூடாது. பக்கத்துக்கு 7 டிகிரிக்கு மேல் விரியாமல் 410 மி.மீ. நீளத்தில் மெதுவாக விரியட்டும். வலையும் தொப்பியும் வேண்டாம். வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தாலே மழை உள்ளே வராது. ஐப்பசி மழையில் பஞ்சு ஒரு தடவை ஊறிவிட்டால் அது காய்கிற வரை வேலை செய்யாது.

---

ஏற்காடு காபி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் மழை விடாத வருஷங்களில் காபிக்கொட்டையைக் களத்தில் காயவைக்க முடியாமல் சூடான காற்று மெஷினில் போடுவோம். ப்ளோயர் சத்தம் ராத்திரியில் பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்குத்தான் அதிகமாகக் கேட்கும். குளிர்ந்த காற்று தரையில் தங்கி, மேலே சூடாக இருக்கிற இரவுகளில் சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கிவிடும். சுற்றிலும் மலை இருக்கிற சேலத்திலும் மார்கழி ராத்திரியில் இது நடக்கும். பகலில் அளந்து பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

எங்களுக்கு அதிகப் பலன் கொடுத்தது கடைசியில் வைத்த ஒரு வளைவு. உள்ளே பஞ்சு ஒட்டிய 90 டிகிரி வளைவு. நேராக ஓடுகிற உயர் சுருதிச் சத்தம் அங்கே வந்து பஞ்சில் மோதித்தான் ஆக வேண்டும். வாயும் வீடுகளைப் பார்க்காமல் திரும்பிவிட்டது.

---

சிவதாபுரம் கலை:

ஐயா, இரண்டு தடவை படித்தேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அப்ப நீட்ட வேண்டாம்."

ஒரு சிக்கல். டக்ட் போகிற இடத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்ட் இருக்கிறது. உயரம் 50 செ.மீ.தான் கிடைக்கும், 600 பெட்டி நுழையாது. பஞ்சை 50 மி.மீ. ஆக்கிவிடலாமா?

ஏற்காடு அண்ணனுக்கும் நன்றி. தெருப்பக்கம் திருப்பினால் எதிர் வீடு, பின்பக்கம் காலி மனை. பின்பக்கம் திருப்ப முடியும். அப்புறம், ராத்திரி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஏதாவது விதி உண்டா?

---

பழைய டக்ட்காரன்:

பஞ்சைக் குறைக்காதீர்கள் அம்மா, "உம்"மை அடக்குவதே அந்தத் தடிமன்தான். வழியைத் தட்டையாக்குங்கள். காற்றுவழி உயரம் 300, அகலம் 550. மேலும் கீழும் 100 பஞ்சு வைத்தால் மொத்த உயரம் 500, ஸ்டாண்டுக்குக் கீழே உரசிக்கொண்டு நிற்கும். அதனால் தகட்டின் தடிமனையும் ஃப்ளேஞ்சையும் (இணைப்பு விளிம்பு) கழித்து வழியின் உயரத்தை 280-ஆக வைத்துக்கொள்ளுங்கள், அகலத்தை 580-ஆக ஏற்றிவிடலாம். பக்கங்களிலும் 100. பரப்பு 0.16 சதுர மீட்டர் அப்படியே இருக்கிறது, வேகம் 8.7 மீட்டர். சுற்றளவு 1.72 மீட்டர், பரப்பால் வகுத்தால் 10.6. சதுரத்துக்கு 10தான் வந்தது. தட்டையான வழியில் பஞ்சு காற்றுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும், ஆக இடம் குறைந்ததால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஏற்காட்டு நண்பர் சொன்ன வளைவை அவசியம் வையுங்கள், பின்பக்கம் காலி மனையைப் பார்த்து. ஆனால் அகலம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8.7 மீட்டரில் அந்த வளைவு பெரிதாகச் சத்தம் போடாது. பழைய 22 மீட்டரில் வைத்திருந்தால் அதுவே இன்னொரு ஊதலாகியிருக்கும்.

விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தொழிற்பகுதியென்றால் 75, 70. உங்கள் தெருவில் வீடும் பட்டறையும் கலந்துதான் இருக்கிறது. நீங்கள் 45-ஐ வைத்தே திட்டமிடுங்கள், பெரியம்மா வீட்டு ஜன்னலுக்கு அந்த எண்தான் நியாயம். புதுப் பெட்டியும் வளைவும் வந்த பிறகு டக்ட் வாயிலிருந்து வருகிற சத்தம் 50-க்குக் கீழே இறங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் மிச்சம் இருந்தால் அது ப்ளோயரின் உடம்பிலிருந்து வருவது. அதற்கு டக்டில் என்ன செய்தாலும் பயனில்லை, ப்ளோயரைச் சுற்றி மூன்று பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி உள்முகத்தில் ராக்வூல் வைக்க வேண்டும். மோட்டாருக்குக் காற்று வர வழி விடுங்கள். அதை இப்போதே செய்ய வேண்டாம், பெட்டி வைத்து ராத்திரியில் அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

இன்னொன்று. புதுப் பெட்டி வைத்த அன்றே ஆறு ஹூட்டிலும் உறிஞ்சலைப் பாருங்கள். ஒரு மெல்லிய துணி நாடாவை ஹூட் வாயில் பிடித்தால் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். பஞ்சு ஒட்டுவதற்கு முன்பு இருந்த அளவுக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பை ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

---

அம்மாப்பேட்டை தறி:

ஐயா, ஃபோம் விஷயத்தில் சொன்னதற்கு நன்றி. எங்கள் ஆபீஸ் அறைக்குப் பக்கத்திலேயே மெயின் போர்டு இருக்கிறது. அங்கேயும் ராக்வூலுக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். துணி போட்டு மூடினால் போதுமா, துளைத் தகடு வேண்டுமா?

---

பழைய டக்ட்காரன்:

சுவரில் காற்று ஓடுவதில்லை தம்பி, அதனால் கண்ணாடி நூல் துணி போதும். கை படுகிற உயரத்தில் மட்டும் தகடு வையுங்கள். போர்டுக்குப் பக்கத்தில் ஃபோம் இருந்தால் அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

---

சிவதாபுரம் கலை:

280, 580, சுற்றிலும் 100, விரிவு பக்கத்துக்கு 7 டிகிரிக்கு மேல் போகாத நீளத்தில், வளைவு பின்பக்கம். வரைந்து டக்ட்காரரிடம் கொடுத்துவிட்டேன் ஐயா. அவர் கோபப்படவில்லை, கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். ராக்வூல் கடையில் 48 கிலோ, 64 கிலோ, 96 கிலோ என்று மூன்று இருக்கிறதாம். எதை வாங்க?

---

பழைய டக்ட்காரன்:

எழுதி வாங்கிக்கொண்டார் என்றால் நல்ல மனுஷன், அடுத்த வேலையும் அவரிடமே கொடுங்கள். அந்தக் கிலோ ஒரு கன மீட்டருக்கானது. 48 அல்லது 64 வாங்குங்கள். 96 ரொம்ப இறுக்கம், அதில் சத்தம் உள்ளே இறங்குவதற்கு முன்பே முகத்தில் பட்டுத் திரும்பும் பங்கு கூடும், விலையும் அதிகம். 64 என்றால் பெட்டிக்குள் தொய்யாமல் நிற்கும். 50 மி.மீ. தடிமனில்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு அடுக்காக வைத்து, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்பின் மேல் விழாதபடி மாற்றி வையுங்கள். அலுமினியத் தாள் ஒட்டியது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.